சந்தனம் வழிந்த பக்கம்

மூன்றாவது தடவையும் வேர்கள் நேராகத்தான் இறங்கியிருந்தன. சாந்தோமிலிருந்து அடையாறு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஜொவிட்டா, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், செடி வளர்க்கும் குளிர் அலமாரியைத் திறந்து முதல் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். தட்டில் ஊற்றி உறைய வைத்திருந்த கூழின் மேல் வெள்ளை நூல்களாக வேர்கள். ஒன்றுகூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகவில்லை. இரண்டாவது தட்டும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலைப் பிரேயருக்கு நிற்கிற மாதிரி ஒழுங்காக நின்றன. வேறு யாராக இருந்தாலும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஜொவிட்டாவால் முடியவில்லை.

ஏனென்றால் அந்த வேர்கள் வளைந்திருக்க வேண்டும். போன வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் இதே விதை, இதே கூழ், இதே அலமாரி. அன்றைக்கு வளைந்தன. அந்த வளைவின் மேல்தான் அவளுடைய ஐந்து வருஷ ஆராய்ச்சி உட்கார்ந்திருந்தது. அது போனால் டாக்டர் பட்டம் போயிற்று.

ஜொவிட்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா வில்லியம் பங்குப் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர், அவள் எம்.எஸ்ஸி. படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அம்மா ஜூலியட் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தோம் பெரிய கோயிலுக்குப் பின்தெருவில் மாடி வீடு. படித்து முடித்ததும் ஜொவிட்டாவும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தப் போனாள். அம்மாவுக்கு அதுவே போதும் என்று இருந்தது. அவளும் அப்படியே இருந்திருப்பாள், கரும்பலகையில் வேரின் குறுக்குவெட்டுப் படம் போடாமல் இருந்திருந்தால்.

வெளித்தோலுக்குப் பச்சைச் சாக்பீஸ், உள்ளே சதைக்கு மஞ்சள், அதற்கும் உள்ளே ஒரே ஒரு செல் கனத்துக்கு அகத்தோல் என்ற வளையம், நடுவில் நீர்க்குழாய்களுக்குச் சிவப்பு. வருஷா வருஷம் போட்ட படம்தான். ஒரு நாள் வளையத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. இவ்வளவு சின்ன நூலுக்குள், நீ தோல், நீ சதை, நீ குழாய் என்று இந்தச் செல்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பிள்ளைகள் சிரித்த பிறகுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. அந்தக் கேள்வி அதற்கப்புறம் அவளை விடவேயில்லை. வேலையை விட்டுவிட்டு அடையாறில் ஒரு பழைய கல்லூரியில் சங்கரன் சாரிடம் போய் நின்றாள்.

சங்கரன் சாருக்கு மயிலாப்பூர் மாட வீதி. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு கை லென்ஸ். முதல் நாளே அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அதன் அடியில் இருந்தது கடுகுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பொடிச்செடி. நம் ஊரில் யாரும் அதை விதைப்பதுமில்லை, தாளிப்பதுமில்லை. ஆனால் அதன் வேர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு செல்லும் தெரியும். நுனியில் சில செல்கள் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாமல் சோம்பேறிகளாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றியிருக்கிற செல்கள் பிரிந்து பிரிந்து தனித்தனி வரிசைகளை மேலே அனுப்புகின்றன. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு ஒழுங்கை அவள் எங்கேயும் பார்த்ததில்லை, அம்மாவின் பீரோ உட்பட.

"ஒரு செல்லை லேசர் வெச்சுக் கொன்னுட்டா என்ன ஆகும் சொல்லு?" என்று கேட்டார் சங்கரன் சார். அவரே பதிலும் சொன்னார். "பக்கத்துல இருக்கறது அந்த எடத்துக்கு நகர்ந்து வந்துடும். வந்ததும் அந்த எடத்துக்கு என்ன வேலையோ அதைப் பாக்க ஆரம்பிச்சுடும். எந்த வம்சம்னு கேக்கறதில்லை. எங்க நிக்கறதோ, அதுவா ஆயிடும்."

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எது கீழ்ப்பக்கம் என்று வேருக்குத் தெரிவது நுனித் தொப்பியால்தான் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். தொப்பியின் செல்களுக்குள் மாவுமணிகள் இருக்கின்றன. அவை கனத்தால் அடியில் போய்ப் படியும். படிந்த பக்கம்தான் கீழ். இதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு செல் கனத்து வளையத்துக்கும் இதில் ஒரு பேச்சு இருக்கிறது, அது சரியாக அமையாவிட்டால் வேருக்கு வழி தப்பும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கருத்தரங்குகளில் மரியாதையாகக் கேட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

வளையம் கோணலாக அமைந்த ஒரு ரக விதையை ஜொவிட்டா பாடுபட்டுப் பெருக்கி எடுத்தாள். அதை வரிசையாகத் தட்டுகளில் ஊன்றி, தட்டுகளை ஒரு உயரமான பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி அலமாரிக்குள் வைத்தாள். சாதாரண விதைகளை ஊன்றிய தட்டுகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு பெட்டியில். பூஜை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது சாதாரண வேர்கள் நேராக இருந்தன. இவள் வளர்த்தவை எல்லாம் பாதி வழியில் பக்கவாட்டில் திரும்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடி கீழே இறங்கியிருந்தன. அத்தனையும் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக.

சங்கரன் சார் லென்ஸை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுந்து வெளியே போய் வராந்தாவில் நின்றார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையக் கேசரி வந்தது.

வீட்டில் அம்மாவுக்கு வேரும் தெரியாது, வளையமும் தெரியாது. "உனக்கு என்னடி நடக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டபோது ஜொவிட்டா எரிச்சலில், "வேர் வளையணும்மா, அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தாள். ஜூலியட் டீச்சர் அதை அப்படியே கொண்டுபோய் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதாவிடம் வைத்துவிட்டார். வேர் வளைந்தால் அடுத்த திருவிழாக் கொடியேற்றத்துக்குச் சாந்தோமிலிருந்து செருப்பில்லாமல் நடந்து வருவதாக நேர்த்தி. வேர் வளைந்த செய்தி வந்ததும் கோயில் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "என்ன ஜோவி, டாக்டராகிட்டியாமே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. சுவாரஸ்யமாக இருக்கிறது, மறுபடி செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதில் தப்பில்லை, யாரும் கேட்கிறதுதான். ஜொவிட்டா மறுபடி ஊன்றினாள். நேராக இறங்கின. கூழ் பழசாகிவிட்டதோ என்று புதுசு வாங்கி ஊன்றினாள். நேராக இறங்கின. தண்ணீரை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், கரண்ட் போய் வந்த நாட்களை எல்லாம் யோசித்துப் பார்த்தாள். வெளியே மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்களே, அந்த அதிர்வு போன வருஷம் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்றுகூட நினைத்தாள். "ஒரு தடவை வந்தது மறுபடியும் வரும்மா. எங்கயோ கைத் தப்பு பண்ணிண்டிருக்கே" என்றார் சங்கரன் சார். முதல் தடவைதான் சரி, பிறகு வந்ததெல்லாம்தான் தப்பு என்று இருவரும் நம்பினார்கள். இன்றைக்கு மூன்றாவது தடவை.

அவள் தட்டுகளைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, அலமாரி முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எதையும் யோசிக்கத் தெம்பில்லை. பெட்டியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமான பெட்டி, அவள் பெயர் ஒட்டியது. அதன் பக்கவாட்டில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது. ஆய்வகத்தில் மற்றவர்கள் தங்கள் சாமான்களில் இருந்ததை எப்போதோ துடைத்துவிட்டார்கள். அவள் துடைக்கவில்லை. கிறிஸ்தவப் பெண், சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைத்தாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அதனால் பார்த்துப் பார்த்து, அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் மற்ற இடங்களைச் சுத்தம் செய்வாள்.

பொட்டு நீர்க்கக் கரைத்த சந்தனம். வைத்த இடத்திலிருந்து ஒரு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. எத்தனையோ மாதமாகப் பார்க்கிற கோடு. ஆனால் வழிந்தது கீழே போகவில்லை. பெட்டியின் குறுக்கே, பக்கவாட்டில் ஓடியிருந்தது.

ஜொவிட்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. சந்தனம் எப்படிப் பக்கவாட்டில் வழியும்? எழுந்து, காலியாக இருந்த இன்னொரு பெட்டியை மேஜையில் வைத்துப் பார்த்தாள். அதை மெதுவாக ஒருபக்கமாகப் படுக்க வைத்தாள். பெட்டி படுத்தால் சந்தனக் கோடு நேராகக் கீழே இறங்கும். பெட்டி படுத்தால் உள்ளே தட்டுகளும் படுக்கும். மாவுமணிகள் பக்கவாட்டில் போய்ப் படியும். வேர் திரும்பும். ஒரே இடத்தில், ஒரே பக்கமாக, அத்தனையும் திரும்பும். பிறகு பெட்டியை நிமிர்த்தினால் மறுபடி கீழே இறங்கும்.

அவள் காலிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனாள்.

தங்கவேல் வராந்தாவில் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்து அட்டெண்டர், ஒப்பந்த வேலைதான், ஆனாலும் அவர் இல்லாவிட்டால் அங்கே ஒரு விளக்கு எரியாது. ஜொவிட்டா குரலை முடிந்த மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தங்கவேல் அண்ணா, போன வருஷம் பூஜைக்கு என் பெட்டியை எங்க வச்சீங்க?"

"சாமி முன்னாடிதாம்மா. இன்னா, ஏன் கேக்கற?"

"படுக்க வச்சீங்களா?"

"ஆமா. நிக்க வெச்சா சரஸ்வதி மூஞ்சி மறைஞ்சி பூடுச்சி. அத்தான் சாச்சி வெச்சேன்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "அலமாரியில இருக்கிற பெட்டியை யாருண்ணா உங்களை எடுக்கச் சொன்னது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அதைத் தொடாதீங்கன்னு?"

தங்கவேல் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இப்டி கேக்கற? நீதானம்மா சொன்ன. கெளம்பும்போது வாசல்ல நின்னுகினு, என் பெட்டியயும் சாமி முன்னாடி வெச்சிடுங்கண்ணான்னு சொல்லிட்டு போனியே."

சொன்னாள். அந்த நிமிஷம்தான் ஜொவிட்டாவுக்கு ஞாபகம் வந்தது. விடுமுறைக்கு முதல் நாள் மத்தியானம். எல்லோரும் பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கரன் சார் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு கற்பூரத் தட்டை எடுத்துவிட்டார். அவளை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. வருஷா வருஷம் அந்த நேரத்தில் அவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. கும்பிட்டால் அம்மாவுக்கு என்ன சொல்வது, கும்பிடாமல் நின்றால் இவர்கள் என்ன நினைப்பார்கள். அதனால் தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். வாசலில் தங்கவேலைப் பார்த்ததும், தான் ஒதுங்கிப் போகிறதாக யாரும் நினைக்கக் கூடாதே என்று ஒரு மரியாதைக்காக அதைச் சொன்னாள். மேஜை மேல் காலியாக இருந்த பெட்டியைத்தான் அவள் நினைத்தது.

"நான் மேஜை மேல இருந்த காலிப் பெட்டியைச் சொன்னேண்ணா."

"காலிப் பெட்டிய யாருனா சாமி முன்னாடி வெப்பாங்களா?" தங்கவேலுக்கு அந்த யோசனையே அதிர்ச்சியாக இருந்தது. "ஆவாதும்மா. உன் படிப்பு ரொம்பி வரணும்னுதானே வெக்கிறது. அத்தான் உள்ள செடி கீற பெட்டியா பாத்து, உன் பேர் போட்டத எடுத்தேன். பூஜைல வெச்சத மறுநாளு வரைக்கும் தொடக் கூடாது. ஆனா செடி வாடிடப் போவுதேன்னு லீவு நாளுன்னும் பாக்காம காலைலயே வந்து எடுத்து உள்ள நிமித்தி வெச்சிட்டுப் போனேன். நல்லதானே ஆச்சி? அதுக்கப்பறம்தானே சார் கேசரி குடுத்தாரு?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் செய்தது அத்தனையும் அவளுக்காகச் செய்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கரன் சார் அறை வாசல் வரைக்கும் போனாள். உள்ளே அவர் யாரிடமோ போனில், "நம்ம பொண்ணு ஜொவிட்டா பண்ணினது சார், அடுத்த மாசம் ரிப்பீட்டும் வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வரும் மே மாதம் அவருக்கு ஓய்வு. அவள் அப்படியே திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கொடியேற்றம். சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் வழியாக, அடையாறு பாலம் ஏறி இறங்கி, பெசன்ட் நகர் வரைக்கும் ஜனத்தோடு ஜனமாக நடந்திருந்தார், செருப்பில்லாமல். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம்.

"இந்த வயசுல இது தேவையாம்மா?"

"நேர்த்தின்னா நேர்த்திதான். குடுத்த வார்த்தையைத் தள்ளிப்போட்டா மாதா என்ன நினைப்பா? ஒன்னு கேட்டேன், குடுத்தா. நடந்தேன்."

ஜொவிட்டா தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலுக்கு மருந்து போட்டாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? படுத்த பிறகும் ஒரே யோசனை. யாருக்குத் தெரியப் போகிறது? தங்கவேலுக்கு அர்த்தம் தெரியாது. இதழ்க்காரர்களுக்குச் சந்தனம் தெரியாது. மறுபடி செய்தது சரியாக வரவில்லை, விதையின் வயசு காரணமாக இருக்கலாம் என்று நாலு வரி எழுதிவிட்டால் பழி ஒன்றும் இல்லை. முதல் தடவை வளைந்தது கணக்கில் நிற்கும், பட்டம் எப்படியும் கிடைத்துவிடும். அப்படி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நினைக்கும்போதே தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் பெட்டியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கொஞ்சம் சீக்கிரமே போனாள். பெட்டி பளபளவென்று இருந்தது.

"நேத்து நீ அந்தக் கறையப் பாத்துகினு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு இருந்தியே, அத்தான் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டேன். இன்னாத்துக்கு மனசக் கஷ்டப்படுத்திக்கினு?" என்றார் தங்கவேல், சிரித்துக்கொண்டே.

இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. இனி அவள் வாயைத் திறந்தால் அது வெறும் வாய்வார்த்தைதான். வாயைத் திறக்காவிட்டால் எதுவுமே நடக்கவில்லை. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது, நேராக இறங்கிய அந்த வேர்களின் செல்கள் வரிசை வரிசையாக, ஒரு பிசகில்லாமல் நின்றன. அவை அவளிடம் எதையும் மறைக்கவில்லை. போன வருஷமும் மறைக்கவில்லை. அன்றைக்கு எது கீழ்ப்பக்கமோ அந்தப் பக்கம் போயின, அவ்வளவுதான். அவள்தான் அதற்கு ஒரு கதை கட்டினாள்.

அவள் மறுபடி ஊன்றினாள். இந்தத் தடவை இரண்டு ரகத்தையும், தன்னுடையதையும் சாதாரணத்தையும். முளைத்து வேர் பாதி இறங்கியதும் ஒரு சாயங்காலம் இரண்டு பெட்டிகளையும் தன் கையாலேயே வெளியே எடுத்து மேஜையில் படுக்க வைத்தாள். காலையில் வந்து நிமிர்த்தி உள்ளே வைத்தாள். இரண்டு நாள் கழித்துத் திறந்தாள். இரண்டு பெட்டியிலும் வேர்கள் ஒன்றுபோல வளைந்திருந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

சங்கரன் சாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டிக்கொரு தட்டாக இரண்டை எடுத்து, பின்னால் எழுதியிருந்த ரகத்தின் பெயர் மேல் டேப் ஒட்டி, அவர் மேஜையில் வைத்தாள். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வந்துடுத்தா? நான் சொன்னேனோல்லியோ!" என்று லென்ஸை எடுத்தார். இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டுல எது சார் நம்ம செடி?"

"இதென்ன பரீட்சையா?" என்று சிரித்தார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, இடது கையில் இருந்ததை அவள் பக்கம் நீட்டினார். "இதுதான். எவ்வளவு அழகா திரும்பியிருக்கு பாரு. வளையம் கோணலா இருந்தாத்தான் இந்தத் திருப்பம் வரும். நான் முப்பது வருஷமா சொல்லிண்டிருக்கறது இதைத்தானே?"

ஜொவிட்டா அந்தத் தட்டை வாங்கித் திருப்பி, டேப்பைப் பிரித்துக் காட்டினாள்.

"இது சாதாரண விதை சார்."

அவர் இரண்டாவது தட்டின் டேப்பைத் தானே பிரித்துப் பார்த்தார். பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் சொன்ன வார்த்தை, காலிப் பெட்டி, சரஸ்வதியின் முகம், சந்தனக் கோடு. அவர் லென்ஸை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். போட்டதைத் திரும்ப எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அன்னிக்குக் கற்பூரம் காட்டினது நான்தானே" என்றார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெட்டி என் கண்ணெதிர்க்கதான் படுத்துண்டு இருந்தது. உன் பேரை மேலேர்ந்து கீழ படிச்சேன். ஞாபகம் இருக்கு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்னு சொல்ல முடியாது. தெரியாதுன்னும் சொல்ல வாய் வரலை. எல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சிருக்கேன்னு ஒரு நாள் காலம்பற குளிச்சிண்டிருக்கறச்சே தோணித்து. அந்தப் பெட்டியும் கூடவே ஞாபகம் வந்தது. தண்ணியை வேகவேகமா மொண்டு தலைல விட்டுண்டேன். அப்பறம் நினைக்கலை."

அவள் கையிலிருந்த தட்டைப் பட்டென்று மேஜையில் வைத்தாள். எத்தனை மாதம்! எங்கேயோ கைத் தப்பு என்று கேட்டுக் கேட்டு, தன் கையையே சந்தேகப்பட்டு, எத்தனை தடவை ஊன்றியிருப்பாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றாள். எதிரில் இருந்தவர் அந்த ஒரு காலைக்குள் கிழவராகிவிட்டிருந்தார்.

"மே மாசத்தோட நான் போயிடுவேன்" என்றார் மெதுவாக. "உன் பட்டமும் அதுக்குள்ள வந்துடும். ஏன் வளைஞ்சதுன்னு யாரும் கேக்கலை, மறுபடி வளைஞ்சுதான்னுதான் கேக்கறா. வரலைன்னு எழுதிட்டா அது பொய் இல்லையே?"

இதைத்தான் அவளும் படுக்கையில் யோசித்தாள். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

"என்னால முடியாது சார். அந்த வேர் நேராத்தான் போகும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் இரண்டு தட்டையும் அடுக்கி ஓரமாக வைத்தார். அப்புறம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒற்றை விரலால் தட்டினார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது.

"நான்தான் வைக்கச் சொன்னேன், அதைப் போடுங்க சார்."

"தங்கவேல் பேரோ பூஜையோ வந்தா அவனை வேலைலேர்ந்து எடுத்துடுவா. உன் பேரைப் போட்டா உன்னை எவனும் சேத்துக்க மாட்டான்." பெட்டி திரும்பியிருந்ததை ஆய்வுக்குப் பொறுப்பானவன் பார்த்தும் கவனிக்கவில்லை என்று எழுதி, கீழே தன் பெயரை மட்டும் போட்டார். அனுப்பியதும், "நீ ஆத்துக்குப் போம்மா" என்றார். அவள் வெளியே வரும்போது அவர் இரண்டு தட்டையும் மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அடுத்து என்ன என்று நினைத்துப் பார்த்தாள். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. வேறொரு பேராசிரியரைத் தேட வேண்டும், வேறொரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பிளஸ் டூ, மறுபடி கலர் சாக்பீஸ். பாலத்தில் மெட்ரோ வேலையால் பஸ் நகராமல் நின்றது. யாருக்கும் தெரியாமல் அழுவதற்கு அது போதுமான நேரமாக இருந்தது.

அம்மா காலை நீட்டி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. இந்த முறை ஜொவிட்டா பக்கத்தில் உட்கார்ந்து, சுருக்கமாக, ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அந்த வேர் தானாக வளையவில்லை. பெட்டி சாய்ந்திருந்ததால் வளைந்தது. எல்லாம் தப்பு. கட்டுரையைத் திருப்பி வாங்கியாச்சு. பட்டம் இப்போதைக்கு இல்லை.

ஜூலியட் டீச்சர் மணியை விரலில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். பங்கில் எல்லோருக்கும் என்ன சொல்வது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ஜோவி" என்றார். "நான் மாதாகிட்ட வேர் வளையணும்னுதான் கேட்டேன். உனக்கு நல்லது நடக்கணும்னு கேக்கல. நீ சொன்னியேன்னு அதையே கேட்டுட்டேன்." அவர் கண் நிறைந்துவிட்டது. "கேட்டதைத்தானேடி குடுத்திருக்கா. நான்தான் தப்பா கேட்டுட்டேனா?"

ஜொவிட்டா அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.